ஓமந்தைக்கு வந்த கோச்சி

"நில் பிள்ளை, கோச்சி வருது!"

பெரியம்மா சத்தம் போட்டு என் தம்பியின் மகளுடைய கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் மூவரும் ஓமந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அக்கா வீட்டுக்குப் போகும் கிரவல் வீதியில் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் தண்டவாளம் குறுக்கே கிடந்தது. கதவு போடாத கடவை. தூரத்தில் ஊதும் சத்தம் கேட்டது.

"கோச்சியோ? அப்பம்மா, அது ட்ரெயின்! கோச்சி எண்டால் என்ன, கொச்சிக்காயோ?" என்று கேட்டாள் சின்னவள்.

"கொச்சிக்காய் உறைக்கும். கோச்சி ஊதும். போ பேசாமல்" என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ரயில் எங்களைக் கடந்து போனது. பிள்ளை பெட்டிகளை எண்ணினாள். நான் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஓமந்தை மண்ணில் நின்று அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். 2009க்குப் பிறகு அவர் இந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதே இல்லை. கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்கு எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறார். ஓமந்தை வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "தாண்டியிட்டுதோ பிள்ளை?" என்று கேட்பார். "ஓம் பெரியம்மா, தாண்டியிட்டுது" என்றால்தான் கண் திறக்கும்.

அன்று அவர் இறங்கியதற்குக் காரணம் அக்காவின் புது வீடு. மகள் கட்டிய வீட்டின் குடிபூரலுக்குத் தாய் வராமல் இருக்க முடியுமா? அந்தப் பயணத்தில் எங்களோடு கூட வந்தது 'கோச்சி' என்ற ஒரு பழைய சொல். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதோடு நாங்கள் பார்த்த ஓமந்தையைப் பற்றியும்.

வீதியில் ஓர் ஊர்

ஓமந்தை வவுனியா நகருக்கு வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்தில் கண்டி வீதியில் இருக்கிறது. இப்போது எல்லோரும் 'ஏ9' என்கிறோம். எங்கள் பெரியவர்களுக்கு அது கண்டி வீதிதான். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற அந்த வீதி வன்னியின் நடுவால் போகிறது. தாண்டிக்குளம், நொச்சிமோட்டை, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். குளம், வயல், காடு, பிறகு மறுபடியும் குளம். இவைதான் இந்தப் பக்கத்தின் அழகு.

ஆனால் 'ஓமந்தை' என்று சொன்னவுடன் எங்களில் எத்தனை பேருக்குக் குளமும் வயலும் ஞாபகம் வரும்? 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோனது. 1997 மே மாதம் சண்டை வீதி வழியாக ஏறி வந்தது. 2002இல் பாதை திறந்தபோது ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. நடுவில் சூனியப் பிரதேசம், அதில் செஞ்சிலுவைச் சங்கத்தினர். பெட்டியைத் திறந்து, பையைக் கொட்டி, மறுபடியும் அடுக்கி, வெயிலில் நின்று நாங்கள் போய் வந்தோம். 2006 ஆவணியில் யாழ்ப்பாணம் வரையான பாதை மறுபடி மூடப்பட்டது. 2009இல் வன்னியின் கடைசிக் கரையில் இருந்து வந்த சனத்தை ஓமந்தைக்குக் கொண்டுவந்து, சோதித்து, பதிந்து, முகாம்களுக்கு அனுப்பினார்கள். அங்கே வரிசை பிரிக்கப்பட்டது. பெரியம்மாவின் மகன் ஒரு வரிசைக்குப் போனான். பெரியம்மா மற்ற வரிசையில் நின்றார். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

2011 மே மாதம் வவுனியாவில் இருந்து ஓமந்தை வரை ரயில் திரும்ப வந்தது. 2013இல் கிளிநொச்சிக்கும், 2014இல் பளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போனது. 2015இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியும் அகற்றப்பட்டது. இப்போது பஸ் நிற்காமல் போகிறது. பெரியம்மாவின் கண்கள் மட்டும் அந்த இடம் வந்ததும் மூடிக்கொள்ளும்.

கோச்சு என்று பெயர், இழுத்தது மாடு

சின்னவள் விடவில்லை. "ஏன் அப்பம்மா கோச்சி எண்டு சொல்லுறியள்?" என்று வழி நெடுகக் கேட்டாள். "எங்கட அப்பு அப்பிடித்தான் சொன்னவர். மெயில் கோச்சி, இரவுக் கோச்சி எண்டு சொல்லுறது" என்றார் பெரியம்மா. அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்.

ஆங்கிலேயர் காலத்தில் தபாலையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு குதிரைகள் இழுத்த பெரிய வண்டிதான் கோச்சு. இலங்கையில் 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் தபால் கோச்சு ஓடத் தொடங்கியது. ஒரே குதிரைகளால் அவ்வளவு தூரம் ஓட முடியாது. ஆதலால் வழியில் சில தங்குமிடங்களில் களைத்த குதிரைகளை அவிழ்த்து, ஆறிய குதிரைகளைப் பூட்டுவார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் போகும் வரை பெரியவர்களின் பயணம் அப்படித்தான் இருந்தது.

வன்னியில் கதை வேறு. குதிரைக்குக் கொள்ளு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், லாயம் வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். காட்டுவழியில் இவையெல்லாம் எங்கே கிடைக்கும்? மாடு அப்படியல்ல. அவிழ்த்துவிட்டால் வழியில் உள்ள புல்லை மேயும். குளத்தில் தண்ணீர் குடிக்கும். சேற்றிலும் மணலிலும் மெதுவாக, ஆனால் நிற்காமல் இழுக்கும். ஆகவே இந்தக் காட்டின் ஊடாகப் போன தபால் கோச்சை இழுத்தது மாடுதான்.

இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1905 தொடக்கத்தில் லெனாட் வூல்ஃப் என்ற 24 வயது ஆங்கிலேய இளைஞர் யாழ்ப்பாணத்துக்கு அரச உத்தியோகத்துக்காக வந்தார். பிறகு இலங்கைக் கிராமம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதியவரும், வேர்ஜினியா வூல்ஃப் என்ற எழுத்தாளரின் கணவரும் அவர்தான். அப்போது தெற்கே கொழும்பில் இருந்து அநுராதபுரம் வரை ரயில் இருந்தது. வடக்கே காங்கேசன்துறையில் இருந்து ஆனையிறவுப் பக்கம் வரை இருந்தது. நடுவில் வன்னிக்காடு. அந்தத் தூரத்தைத் தபால் கோச்சில் கடக்க வேண்டும் என்றார்கள். கோச்சு என்ற பெயரில் வந்து நின்றதோ சாதாரணமான ஒரு பெரிய மாட்டு வண்டில். அடியில் தபால் மூட்டைகள். மூட்டைகளின் மேல் பயணிகள் படுத்துக்கொண்டு போனார்கள். பல வருடங்கள் கழித்து, 1961இல் வெளிவந்த தன் சுயசரிதைப் புத்தகத்தில் அவர் இதை எழுதியிருக்கிறார்.

குதிரை இல்லாத அந்தக் கோச்சின் பாதையில்தான் நாங்கள் அன்று பஸ்ஸில் வந்து இறங்கினோம். அதே 1905இல் வடக்கு ரயில் பாதை முழுவதும் இணைந்தது. மாட்டு வண்டில் சுமந்த தபாலையும் ஆட்களையும் ரயில் ஏற்றிக்கொண்டது. 'கோச்சு' என்ற சொல்லும் கூடவே ரயிலில் ஏறியது. எங்கள் வாயில் அது கோச்சி ஆனது. சிங்களவர்களும் ரயிலைக் 'கோச்சிய' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மொழிக்கும் பொதுவாக ஒரு சொல் தண்டவாளத்தில் ஓடுகிறது.

ஓர் ஊரின் பெயர்

"அப்ப கோச்சு எண்டது எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டாள் பிள்ளை. இந்தக் கேள்விக்கான பதில் எனக்கே மிகவும் பிடித்த ஒன்று.

ஐரோப்பாவில் ஹங்கேரி என்ற நாட்டில் 'கோச்' என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 15ஆம் நூற்றாண்டில் வண்டி செய்கிறவர்கள் இலேசாகவும் வேகமாகவும் ஓடும் ஒரு குதிரை வண்டியைச் செய்தார்கள். மன்னார்க் கருவாடு என்று நாங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வது போல, அந்த வண்டியைக் கோச் ஊர் வண்டி என்று சொன்னார்கள். அவர்கள் மொழியில் 'கோச் ஊரைச் சேர்ந்தது' என்பதற்கு எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? 'கோச்சி'. ஆம், எங்கள் பெரியம்மா சொல்வது போலவேதான். அந்தப் பெயர் ஜேர்மனுக்கும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போனது. ஆங்கிலேயரோடு கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தது. வன்னிக்காட்டில் மாட்டின் பின்னால் நடந்தது. பிறகு ரயிலாகியது. ஹங்கேரியில் இன்றும் வண்டிக்கும் காருக்கும் ரயில் பெட்டிக்கும் அந்தச் சொல் வழங்குகிறது.

இதைக் கேட்டதும் பெரியம்மா நடையை நிறுத்தினார். "அப்ப அது ஒரு ஊரின்ர பேரோ?" என்றார். "ஓம்" என்றேன். "அந்த ஊர்க்காரர் குடுத்து வைச்சவை. நல்ல சாமானுக்கெல்லோ அவையின்ர ஊர்ப் பேர் வந்திருக்கு" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் நடந்தார்.

அவர் சொல்லாமல் விட்டது எனக்கு விளங்கியது. 'ஓமந்தை' என்ற பெயர் எங்கள் சனத்துக்கு எதைக் குறிக்கிறது என்பதை நினைத்திருப்பார்.

குதிரை வராத ஊரில் குதிரைச் சொற்கள்

வடக்கில் குதிரையே இல்லை என்று நினைக்கவேண்டாம். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் குதிரைகளை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அந்தத் தீவின் வெளிகளில் கூட்டமாகத் திரிகின்றன. பட்டினத்தில் பெரிய உத்தியோகத்தர்கள் குதிரை வண்டிகளில் போனார்கள். அவற்றுக்குப் பக்கி, சாரட்டு என்று பெயர்கள். ஓட்டுபவன் கோச்சுமான். அந்த வண்டிகள் போய்விட்டன. சொற்கள் மட்டும் வேறு வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கிவிட்டன.

மாட்டுவண்டிச் சவாரி பார்த்திருப்பீர்கள். 'சவாரி' என்பது பாரசீக மொழியில் இருந்து வந்த சொல். அங்கே குதிரையில் ஏறிப் போவதையே அது குறித்தது. எங்கள் சவாரித் திடலில் ஓடுவது நாம்பன் மாடுகள். 'கரத்தை' என்று வண்டிலைச் சொல்வோம். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ரயிலுக்கு அரசாங்கப் பலகையில் 'புகையிரதம்' என்று எழுதியிருக்கிறார்கள். இரதம் என்றால் குதிரை பூட்டிய தேர். புகை விடும் தேர் என்று பெயர் வைத்தார்கள். புகை விட்ட நிலக்கரி இயந்திரங்கள் போய் டீசல் வந்த பிறகும் நிலையத்தின் பெயர் புகையிரத நிலையம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க மெசின் வாங்கப் போனால், "எத்தனை குதிரைவலு?" என்று கேட்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது 'பரிவலு'. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட் என்பவர் தன் நீராவி இயந்திரத்தை விற்பதற்காக, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று கணக்குக் காட்டினார். ஒரு குதிரைவலு என்பது ஏறத்தாழ 746 வாட். கடைக்காரர் உங்களைப் பெண் என்று எண்ணி ஏமாற்றப் பார்த்தால், இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். குதிரையைக் கண்ணால் காணாத எங்கள் தோட்டங்களில், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைக்கிற வேலையைக் குதிரையின் பெயர்தான் செய்கிறது.

முற்றத்தில் ஓர் இரும்பு வளையம்

அக்காவின் வீடு சிறியது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. ஆனால் ஒவ்வொரு கல்லும் அவருடைய உழைப்பு. முற்றத்தில் துளசி நட்டிருந்தார். துளசியைச் சுற்றிப் பெரிய இரும்பு வளையம் ஒன்று மண்ணில் பதிந்து கிடந்தது. துருப்பிடித்த வளையம். பெரியம்மா குனிந்து அதைத் தொட்டார்.

"இது எங்கட வண்டில் சில்லின்ர பட்டையெல்லோ!"

"ஓம் அம்மா. கண்ணிவெடி எடுத்து முடிஞ்சு, காணி துப்பரவாக்கேக்கை கிடைச்சது. மரமெல்லாம் கறையான் திண்டிட்டுது. இரும்பு மட்டும் மிஞ்சினது" என்றார் அக்கா.

1997 மே மாதம் நாங்கள் எல்லோரும் இந்தக் காணியை விட்டு ஓடினோம். அயலவரின் ரக்ரர் பெட்டியில் இடம் கிடைத்தது. பெரியம்மா மாடுகளின் கயிற்றை அவிழ்த்து, "எங்கயெண்டாலும் போய்ப் பிழையுங்கோ" என்று விட்டுவிட்டு ஏறினார். வண்டில் முற்றத்தில் நின்றது. அதற்குப் பிறகு எத்தனை ஊர், எத்தனை கொட்டில், எத்தனை பதுங்குகுழி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சின்னவள் கொப்பியை எடுத்து வந்தாள். "வண்டிலில் என்னென்ன இருக்கும் அப்பம்மா? சொல்லுங்கோ, எழுதுறன்" என்றாள். பெரியம்மா வளையத்துக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையைப் போட்டு இருந்துகொண்டு சொன்னார். நடுவில் குடம். குடத்தில் இருந்து புறப்படுவது ஆரக்கால். ஆரக்கால்களைப் பிடித்து வட்டமாக நிற்கிற மரம் வட்டை. வட்டையின் மேல் இந்த இரும்புப் பட்டை. குடத்தின் நடுவால் போவது அச்சு. சில்லுக் கழன்று போகாமல் அச்சின் முனையில் இறுக்குவது கடையாணி. மாட்டின் கழுத்தில் நுகம். நுகத்தில் பூட்டாங்கயிறு. மூக்கில் நாணயக்கயிறு. மேலே கிடுகால் வேய்ந்த கூடாரம். கீழே தொங்குவது அரிக்கன் லாம்பு.

"பட்டையை மரத்தில எப்பிடி மாட்டினவை? ஆணி அடிச்சோ?" என்று பிள்ளை கேட்டாள்.

"இல்லை. கொல்லர் பட்டையைச் சில்லைவிடக் கொஞ்சம் சின்னதாய்த்தான் செய்வார். பிறகு சுத்திவர நெருப்பு மூட்டிக் காய்ச்சுவார். காய்ச்சினால் இரும்பு விரியும். விரிஞ்ச உடனை தூக்கிச் சில்லில போட்டு, தண்ணி ஊத்துவினம். குளிர்ந்து சுருங்கேக்கை மரத்தை இறுக்கிப் பிடிக்கும். பிறகு ஒருத்தராலும் கழட்டேலாது."

பிறகு பெரியம்மா இன்னொரு கதையும் சொன்னார். அக்காவுக்கு முதல் பிள்ளை 1996இல் பிறந்தது. பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. சாமத்தில் அக்காவுக்கு வயிற்றுக்குத்து வந்துவிட்டது. வைக்கோலைப் போட்டு, அதன் மேல் பாயை விரித்து அக்காவை வண்டிலில் படுக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரி வரை வண்டிலை ஓட்டியது பெரியம்மாவின் மகன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. "அக்காவுக்கு நோகும் எண்டு பள்ளம் பிட்டியெல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்டினவன். மாட்டுக்கு ஒரு அடிகூடப் போடேல்லை. கதைச்சுக் கதைச்சே கொண்டுபோனவன்" என்றார். சொல்லும்போது அவருடைய விரல் அந்தத் துருப்பிடித்த வளையத்தில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "இதில கடைசியாய் ஏறி ஓட்டினதும் அவன்தான்."

நாங்கள் எல்லோரும் மௌனமானோம். அக்கா தேநீர் கொண்டுவர உள்ளே போனார்.

எத்தனை சில்லு?

பால் காய்ச்சி முடிந்து, அயலவர்கள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். உறவில் பெரியவர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல மனிதர். மனம் நிறைந்துதான் சொன்னார்.

"குடும்பம் எண்டது ரெண்டு சில்லு வண்டில். ஒற்றைச் சில்லில எவ்வளவு தூரம் ஓடும் எண்டு நான் யோசிச்சனான். பரவாயில்லை, பிள்ளை இழுத்துப்போட்டாள்."

இந்தப் பேச்சு உங்களுக்கும் பழக்கமானதுதானே? கணவரை இழந்த, கணவர் காணாமற்போன பெண்களை எங்கே கண்டாலும் இதைச் சொல்வார்கள். ஒற்றைச் சில்லு வண்டில் ஓடாது என்பார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்களா, குறைக்குச் சொல்கிறார்களா என்று சில நேரம் விளங்காது. கேட்டுக்கொண்டு நாங்களும் தலையைக் குனிவோம்.

அக்கா தலையைக் குனியவில்லை. வேலி ஓரத்தில் சீமெந்து காய்ந்துபோய்க் கிடந்த தள்ளுவண்டிலைக் காட்டினார்.

"மாமா, இந்த வீட்டுக்குக் கல்லும் மண்ணும் கலவையும் நான் அதிலதான் ஏத்தினனான். அதுக்கு எத்தனை சில்லு எண்டு பாருங்கோ."

மாமா பார்த்தார். தள்ளுவண்டிலுக்கு ஒரு சில்லுத்தான். அவர் சிரித்துவிட்டார். "சரி பிள்ளை, நான் தோத்துப்போனன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது.

எனக்குப் பழைய காலத்து உமணர்களின் நினைவு வந்தது. சங்க காலத்தில் உப்பு விற்றுப் பிழைத்தவர்கள் உமணர். பெண்டு பிள்ளைகளோடு வண்டில் வண்டிலாக ஊர் ஊராகப் போவார்கள். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ அச்சு முறிந்துவிட்டால் என்ன செய்வது என்று எண்ணி, வண்டிலின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். முதல் அச்சு முறியும் வரை சேம அச்சை ஒருவரும் கவனிப்பதில்லை. முறிந்த பிறகு முழுப் பாரத்தையும் அதுதான் தாங்கும். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். சேம அச்சும் மரம்தான். அதற்கும் தேய்வு உண்டு. பாரம் தாங்குகிறாள் என்பதற்காக ஒருத்தியின் தலையிலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றுவது நியாயம் இல்லை. அயலும் உறவும் சங்கங்களும் கைகொடுக்க வேண்டும். அக்காவின் வீட்டுக்கூட, அத்திவாரம் வெட்டிய அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்களாம்.

இரண்டையும் எழுது

பின்னேரம் திரும்பி நடந்தோம். கடவைக்கு வந்ததும் சின்னவள் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். கோச்சி வரவில்லை. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அப்பம்மா, நான் ஊர்ப் பேரையும் எழுதப்போறன். ஓமந்தை எண்டால் என்ன எண்டு எழுத?" என்று கேட்டாள்.

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. 2017 மாசியில் வவுனியாவில் தாய்மார் வீதியோரம் இருந்து தங்கள் பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கியபோது, அவரும் மகனின் படத்தோடு போய் இருந்தவர். அங்கே போய் இருக்க முடிந்த அவரால் ஓமந்தையில் இறங்க முடியாமல் இருந்தது.

"உனக்கு என்ன எண்டு தெரியுது?" என்று அவளிடமே கேட்டார்.

"பெரிய மாமி வீடு இருக்கிற இடம். கோச்சி போற இடம்."

"அதை எழுது." பெரியம்மா கொஞ்சம் நின்றார். "அதுக்குக் கீழ, அப்பம்மாவின்ர மகனை நான் கடைசியாய்க் கண்ட இடம் எண்டும் எழுது. ரெண்டையும் எழுது. ஒண்டை எழுதி மற்றதை விட்டிடாதை."

அவள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே எழுதினாள். பஸ் வந்தது. ஏறி இருந்தோம். பஸ் ஓமந்தையைத் தாண்டும் வரை பெரியம்மா ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். "தாண்டியிட்டுதோ?" என்று அன்று அவர் கேட்கவில்லை.

குதிரைக்கு வைத்த பெயர் மாட்டுக்கு வந்தது. மாட்டில் இருந்து ரயிலுக்கு வந்தது. ஏற்றுகிற பாரம் மாறினாலும் சொல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சொல்லில் எதை ஏற்றுவது என்பது அதைச் சொல்கிறவர்கள் கையில் இருக்கிறது. 'ஒற்றைச் சில்லு' என்ற சொல்லை அக்கா அன்று மாற்றிவிட்டார். 'ஓமந்தை' என்ற சொல்லில் பெரியம்மா ஒன்றையும் இறக்கவில்லை. இன்னொன்றுக்கும் இடம் விட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா, ஒரு அம்மம்மா, ஒரு ஆச்சி இருப்பார். வண்டில், நுகம், கூடாரம், கோச்சி என்று அவர் வாயில் வருகிற பழைய சொற்களைப் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போக விடாதீர்கள். ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். சொல்லைக் கேட்கத் தொடங்கினால், அதன் பின்னால் அவர் இதுவரை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிற கதையும் வரும். அப்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள்.